தற்கொலையைக் காட்டும் தொடரை மகள் பார்க்கிறாள், தடுக்கலாமா?

பதினான்கு வயது மகள். கூடப் படிக்கிற எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளும் ஒரு தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அதில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொள்கிறாள். இப்படிப்பட்ட தொடர்கள் பிள்ளைகளைத் தூண்டிவிடும் என்பது உண்மையா, அல்லது பெரியவர்கள் வீணாகப் பயப்படுகிறோமா, நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தொடரைப் பற்றியது போல இருந்தாலும், "என் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டும் வேறு வேறு. முதல் கேள்விக்கு ஆய்வுகளை வைத்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஆய்வுகள் பாதி தூரம்தான் வரும், மீதியை உங்கள் மகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவளுடைய தோழி ஒருத்தி "இது அப்படியே என் கதை" என்று சொன்னாளாம். அதற்கும் வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அதுதான்.

நான் பதின்ம வயதினரோடு வேலை செய்யும் உளவியலாளர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள், அந்த எண்ணத்தோடு நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள், வகுப்புத் தோழரை இழந்தவர்கள் என்று பல பிள்ளைகளோடு பல வருடங்களாகப் பேசி வருகிறேன். இதனால் என் பார்வைக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தொடரைப் பார்த்து, கொஞ்சம் அழுது, தோழிகளோடு இரண்டு நாள் அதையே பேசி, அப்புறம் அடுத்த தொடருக்குப் போய்விடுகிற பிள்ளை என் அறைக்கு வருவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் பெரும்பான்மை. உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தியாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். கீழே சொல்லப்போவதை எல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திரையில் காட்டப்படும் தற்கொலை, நிஜத்தில் சிலரைப் பாதிக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. 1981-ல் மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 'ஒரு மாணவனின் மரணம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆறு பகுதித் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்வதுதான் கதை. ஒவ்வொரு பகுதியும் அந்த மரணத்தோடு தொடங்கும். 1982-ல் அதையே மறு ஒளிபரப்பு செய்தார்கள். ஷ்மிட்கே, ஹெஃப்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தொடரில் காட்டப்பட்ட அதே முறையில் நேர்ந்த தற்கொலைகளைக் கணக்கெடுத்து 1988-ல் வெளியிட்டார்கள். 15 முதல் 19 வயதுள்ள ஆண்களிடம் அது 175 சதவீதம் வரை கூடியிருந்தது. அதே வயதுப் பெண்களிடம் கூடுதல் அதைவிடக் குறைவு. நாற்பதைத் தாண்டிய ஆண்களிடமும் முப்பதைத் தாண்டிய பெண்களிடமும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மறு ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் குறைவு, அதற்குப் பின் வந்த கூடுதலும் அதற்கேற்பக் குறைவாகவே இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் சதவீதத்தைவிட இந்த ஒழுங்குதான் பெரிதாகத் தெரிகிறது. திரையில் இருந்தவனோடு வயதாலும் பாலாலும் நெருங்கியவர்களிடம்தான் பாதிப்பு கூடியது, விலகியவர்களிடம் அது மங்கிப்போனது. தற்செயலாக நடந்திருந்தால் இப்படி வரிசை கட்டி வந்திருக்காது.

பிரிட்டனிலும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. 1996 நவம்பரில் 'காஷுவால்டி' என்ற பிரபலமான மருத்துவமனைத் தொடரில் ஒரு தற்கொலை முயற்சி காட்டப்பட்டது. ஹாட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் நாடு முழுவதும் 49 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் கணக்கெடுத்தார்கள். ஒளிபரப்புக்குப் பிந்தைய முதல் வாரத்தில் அதே வகை முயற்சியோடு வந்தவர்கள் 17 சதவீதம் அதிகம், இரண்டாம் வாரத்தில் 9 சதவீதம் அதிகம். அந்த எபிசோடைப் பார்த்ததாகச் சொன்ன நோயாளிகளில் ஐந்தில் ஒருவர், தன் முடிவில் அதற்குப் பங்கு இருந்ததாகச் சொன்னார். தொடரை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முயற்சி எவ்வளவு ஆபத்தானது என்று காட்டுவதே ஒரு பாடம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் பார்க்கிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

சரி, எல்லா ஆய்வுகளும் இப்படியே சொல்கின்றனவா? இல்லை. 1986-ல் கோல்ட், ஷாஃபர் இருவரும் அமெரிக்காவில் தற்கொலையைப் பற்றி ஒளிபரப்பான நான்கு தொலைக்காட்சிப் படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின் நியூயார்க் வட்டாரத்தில் இளைஞர்களின் தற்கொலைகளும் முயற்சிகளும் கூடின என்றார்கள். மறு வருடமே ஃபிலிப்ஸ், பெய்ட் இருவரும் அதே படங்களை வைத்துக் கலிபோர்னியாவிலும் பென்சில்வேனியாவிலும் பார்த்தார்கள். அங்கே எந்தக் கூடுதலும் இல்லை. இத்தனைக்கும் இந்த ஃபிலிப்ஸ், பத்திரிகைச் செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் கூடுவதை 1974-லேயே காட்டியவர். தன் கருத்துக்கு எதிராக வந்த முடிவையும் அவர் வெளியிட்டார். பத்திரிகைச் செய்திகளின் பாதிப்புக்குச் சான்று உறுதியாக இருக்கிறது. கற்பனைக் கதைகளின் பாதிப்புக்கு இருக்கிற சான்று அதைவிடச் சிதறலானது. இதை மறைத்துவிட்டு உங்களைப் பயமுறுத்துவது நேர்மையாகாது.

இந்தச் சிதறலை நன்றாகக் காட்டுவது 2017-ல் எழுந்த பெரிய சர்ச்சை. அந்த வருடம் மார்ச் 31-ல் நெட்ஃபிளிக்ஸ், ஒரு மாணவியின் தற்கொலையைச் சொல்லும் 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடரை வெளியிட்டது. உடனே பள்ளிகளும் மனநல அமைப்புகளும் எச்சரிக்கை விட்டன. நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் இந்தத் தொடரை முன்னிட்டே புதிய வகைச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கியது: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரோடோ பெரியவரோடோதான் பார்க்க வேண்டும் என்று. தொடர் வெளியான பின் 19 நாட்களுக்குத் தற்கொலை பற்றிய கூகுள் தேடல்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 19 சதவீதம் கூடின என்று அந்த வருடம் ஜூலையில் ஓர் ஆய்வு வந்தது. அதில் எப்படி இறப்பது என்ற தேடலும் கூடியிருந்தது, உதவி எண்ணுக்கான தேடலும் கூடியிருந்தது. ஒரே தொடர் இரண்டு விதமாகத் தேட வைத்திருக்கிறது.

அப்புறம் 2019-ல் இரண்டு ஆய்வுகள். ஒன்று, 10 முதல் 17 வயதுள்ள அமெரிக்கப் பிள்ளைகளிடம் 2017 ஏப்ரல் மாதத் தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் அதிகம் என்றது. அந்தக் கூடுதல் பையன்களிடம்தான் தெளிவாக இருந்தது. இன்னொன்று, 10 முதல் 19 வயது வரை எடுத்துக்கொண்டு, மூன்று மாதங்களில் 13 சதவீதம் கூடுதல் என்றது. அதில் பெண் பிள்ளைகளிடம்தான் கூடிய சதவீதம் அதிகம். கதையில் இறப்பது ஒரு பெண் என்பதால் முதல் ஆய்வின் முடிவு பலரையும் குழப்பியது. பிறகு 2020-ல் டேனியல் ரோமர் அதே தரவை வேறு முறையில் ஆராய்ந்தார். தற்கொலை விகிதம் ஏற்கெனவே பல வருடங்களாக ஏறிக்கொண்டிருந்தது, அதைக் கழித்துப் பார்த்தால் பையன்களிடம் ஏப்ரலில் தெரிந்த ஏற்றம், தொடர் வருவதற்கு முந்தைய மார்ச் மாதத்திலேயே அதே அளவில் இருந்தது, பெண் பிள்ளைகளிடம் சிறிய பாதிப்பு இருந்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றார். இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய குறை உண்டு. மொத்த நாட்டின் மாதக் கணக்கைத்தான் இவை பார்க்கின்றன. இறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தொடரைப் பார்த்தார்கள் என்று இவற்றால் சொல்ல முடியாது.

என் நிலைப்பாடு இதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தொடர் ஆபத்தாவதில்லை. ஏற்கெனவே மனம் நொறுங்கியிருக்கிற சிலருக்கு, சில விதமாகக் காட்டப்படும் கதைகள் ஆபத்தாகலாம். அந்தச் சிலர் எண்ணிக்கையில் குறைவு என்பதால் நாட்டின் கணக்கில் ஒரு ஆய்வில் தெரிகிறார்கள், இன்னொன்றில் தெரிவதில்லை. போகக்கூடியது உயிர் என்பதால் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும், தொடருக்கு அல்ல.

'சில விதமாக' என்றேன், அதை விளக்க வேண்டும். பொதுவாக விவாதம் எல்லாம் மரணக் காட்சியைச் சுற்றியே நடக்கிறது. 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடரின் முதல் சீசனில் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடிய அந்தக் காட்சியை, மருத்துவ நிபுணர்களின் ஆலோசனைக்குப் பிறகு 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது. நீக்கியது நல்லது. இறக்கும் முறையை விவரமாகக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் நேரடியான ஆபத்து என்பதில் இந்தத் துறையில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆனால் அந்தக் காட்சியை வெட்டிய பிறகும் கதை அப்படியேதான் நிற்கிறது. என் கவலை அந்தக் கதையின் அமைப்பில்தான்.

கதையை எடுத்துப் பாருங்கள். ஒரு மாணவி இறப்பதற்கு முன் தன் பேச்சைக் கேசட்டுகளில் பதிவு செய்கிறாள். பதின்மூன்று பக்கங்கள், பதின்மூன்று காரணங்கள். அவளைக் காயப்படுத்தியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கிறவர்கள் குற்ற உணர்ச்சியில் துடிக்கிறார்கள், ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிறார்கள், அவர்கள் செய்ததெல்லாம் வெளியே வருகிறது. அவள் இறந்துவிட்டாள், ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் இருக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். இருந்தபோது யாரும் காதில் வாங்காத அவள் குரல்தான் இப்போது கதையையே நடத்துகிறது. கடைசியாக உதவி கேட்டு அவள் போய் நிற்கிற பள்ளிக் கவுன்சிலரோ அவளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார். மனம் உடைந்த ஒரு பிள்ளை இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்? பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை, செத்தால்தான் கேட்பார்கள் என்று. இதை எந்த வசனமும் சொல்லவில்லை, கதை போகிற வழியே சொல்லிவிடுகிறது.

இது இந்த ஒரு தொடரின் பிரச்சினை மட்டும் இல்லை. பதின்ம வயதுத் தற்கொலை வருகிற தொடர்களைக் கவனித்துப் பாருங்கள், அடிக்கடி அதே துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். வகுப்பில் காலியான ஓர் இருக்கை, மலர்களும் மெழுகுவர்த்திகளும், மெல்லிய இசை. இதுவரை கேலி செய்தவன் சுவரில் சாய்ந்து அழுவான். கண்டிப்பான அப்பா உடைந்துபோவார். ஒரு கடிதம் படிக்கப்படும், அதில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும். பார்க்கிற நமக்கு அது சோகம். ஆனால் 'நான் இல்லாமல் போனால் யாருக்காவது வலிக்குமா' என்று ஏற்கெனவே இரவில் யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, அந்தக் கேள்விக்கு அது வரி வரியாகப் பதில் சொல்கிறது.

என்னிடம் வந்த ஒரு சிறுமி இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் விவரம் எதையும் சொல்லவில்லை. ஒரு தொடரில் பார்த்த பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "அவ இருந்தப்ப யாருமே கேக்கல. செத்தப்புறம் எல்லாரும் உக்காந்து கேட்டாங்க" என்றாள். நான், "அவங்க கேட்டது அவளுக்குத் தெரியுமா?" என்றேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தெரியாதுல்ல... எனக்குத்தான் தெரியும். நான்தானே பாத்தேன்" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக, தன் வீட்டில் யார் தன்னைக் கேட்பதில்லை என்று சொல்லத் தொடங்கினாள்.

நிஜத்தில் ஒரு மரணத்துக்குப் பின் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கேலி செய்தவர்கள் பெரும்பாலும் திருந்துவதில்லை. சிலர் ஒப்புக்கொள்வதே இல்லை, சிலருக்குத் தாங்கள் செய்தது நினைவில்கூட இருப்பதில்லை. பெரிய சுமையைச் சுமப்பவர்கள் அந்தப் பிள்ளையை நேசித்தவர்கள்தான். கடைசி நாள் காலையில் தான் என்ன சொன்னேன் என்று வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற அம்மா, போனை எடுக்காமல் விட்ட தோழி. கடிதம் இருந்தாலும் அது எதையும் தீர்த்து வைப்பதில்லை. தொடர்கள் இறுதிச் சடங்கோடு நிறுத்திக்கொள்கின்றன, இந்த வருடங்களுக்குள் வருவதில்லை.

காரணத்தைக் காட்டுவதிலும் அப்படித்தான். திரைக்கதைக்கு ஒரு காரணம் வேண்டும்: ஒரு வீடியோ பரவியது, காதல் முறிந்தது, மதிப்பெண் குறைந்தது. நிஜத்தில் ஒற்றைக் காரணத்தால் நடப்பது அரிது. பெரும்பாலும் பின்னால் மனச்சோர்வோ வேறு மனநலச் சிக்கலோ, பழைய காயமோ, வீட்டுச் சூழலோ சேர்ந்து இருக்கும். கடைசியில் நடந்த ஒன்று நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். மனச்சோர்வைப் படம் பிடிப்பது கடினம் என்பதும் உண்மை. பதின்ம வயதில் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவதுதான் அதிகம். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, தூக்கம் கெடுவது, பிடித்ததில் எல்லாம் ஆர்வம் போவது, கூட்டாளிகளிடமிருந்து விலகுவது. இதில் நாடகம் இல்லை, அதனால் திரைக்கும் வருவதில்லை. திரையில் பார்த்தே இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்கிற பெற்றோர் வீட்டில் அதைக் கண்டால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் திரையில் காணாமல் போகிறது. எனக்கு அதுதான் மிகவும் வேதனை தருகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த உச்சக்கட்டத் தவிப்பு வரும், போகும். போகும் வரை பாதுகாப்பாக வைத்திருக்க யாராவது இருந்தால் போதும் என்கிற நிலைதான் பலருக்கு. 1978-ல் ரிச்சர்ட் சைடன் என்பவர், தற்கொலை செய்யப் போன இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். தடுத்தால் வேறு இடத்தில் போய்ச் செய்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வு அது. இந்தப் பெரும்பான்மையின் கதை தொடர்களில் எங்கே? பிழைத்து, சிகிச்சைக்குப் போய், சில மாதங்கள் மோசமாக இருந்து, மெதுவாகத் தேறி, இப்போது சாதாரணமாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் கதையைத் திரையில் பார்ப்பது அபூர்வம்.

அப்படிக் காட்டினால் பலன் இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஆஸ்திரியாவில் நீடர்குரோட்டன்டாலர் என்ற ஆய்வாளரின் குழு 2010-ல் பத்திரிகைகளை ஆராய்ந்தது. தற்கொலை எண்ணம் வந்தும் அதைச் செய்யாமல் நெருக்கடியைக் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் குறைந்திருந்தன. மொசார்ட்டின் 1791-ம் வருட இசை நாடகம் ஒன்றில் பாபகேனோ என்ற பாத்திரம் சாகத் துணிகிறான், மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழி இருப்பதை நினைவூட்ட, அவன் பிழைக்கிறான். அவன் பெயரைத்தான் இந்த விளைவுக்கு வைத்தார்கள். உலக சுகாதார அமைப்பு 2019-ல் திரைத்துறையினருக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதுவும் இதைத்தான் கேட்கிறது: முறையைக் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், மீண்டு வரும் பாத்திரங்களைக் காட்டுங்கள், உதவி கேட்பதையும் அது கிடைப்பதையும் காட்டுங்கள் என்று. எபிசோடுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை அட்டையும் உதவி எண்ணும் போடுவது நல்லதுதான். ஆனால் உதவி கேட்டால் கிடைக்காது என்று கதை ஒரு மணி நேரம் சொன்ன பிறகு, கடைசியில் ஐந்து நொடி வருகிற எண் அதை மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். தடை போடுவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். வகுப்பே பார்க்கிற தொடரைப் பதினான்கு வயதுப் பெண் எப்படியும் பார்த்துவிடுவாள். தோழியின் போனில், துண்டுத் துண்டு வீடியோக்களாக, முன்னும் பின்னும் இல்லாமல் பார்ப்பாள். உங்களிடம் அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். அந்தப் பேசாமைதான் தொடரைவிட மோசம். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், குறைந்தபட்சம் மரணம் வருகிற எபிசோடையும் அதற்கு அடுத்ததையும். பிறகு அவளோடு சேர்ந்து பாருங்கள். இரவு படுக்கும் முன் தொடர்ச்சியாக நான்கைந்து எபிசோடு ஓட்டுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். மரணக் காட்சி இருந்தால் அதைத் தாண்டி ஓட்டிவிடுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்: "இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, மனசுல ஒட்டிக்கும்." ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இது புரியும்.

பார்த்த பிறகு பாடம் நடத்தாதீர்கள். "அவ வேற யார்கிட்ட சொல்லியிருக்கலாம்?", "அந்தக் கவுன்சிலர் என்ன கேட்டிருக்கணும்?", "அடுத்த வருஷம் அவ உயிரோட இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" போன்ற கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மூன்றாவது கேள்வியை நான் அடிக்கடி கேட்பேன். கதை மூடிவிட்ட கதவைப் பிள்ளையே திறந்து பார்க்கும். அப்புறம் நேரடியாகவும் கேளுங்கள்: "உனக்கு எப்பவாவது இப்படித் தோணியிருக்கா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. 2005-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ மனஉளைச்சலோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டது சற்று ஆறுதலாகவே இருந்ததாகத் தெரிந்தது.

தடுக்க வேண்டிய நேரமும் உண்டு. அவள் இதற்கு முன் தன்னைத்தானே காயப்படுத்தியிருந்தால், சமீபத்தில் தெரிந்த ஒருவர் தற்கொலையில் இறந்திருந்தால், இப்போது மனச்சோர்வுக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், கடைசிச் சில வாரங்களாக ஆளே மாறிப்போயிருந்தால், இந்தத் தொடர் இப்போது வேண்டாம். தண்டனை மாதிரி சொல்லாமல், "உன் மனசு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சேர்ந்து பாக்கலாம்" என்று சொல்லுங்கள். பாதியில் அவளாகவே நிறுத்திவிட்டாலும் "நல்லதாச்சு" என்று நீங்கள் நிம்மதியாகிவிடாதீர்கள். 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' தொடரின் இரண்டாவது சீசனைப் பற்றி அமெரிக்க இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முழுதும் பார்த்தவர்களைவிட நடுவில் நிறுத்தியவர்களிடம்தான் ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. தாங்க முடியாமல் நிறுத்தினார்களா, நிறுத்தியதால் மீட்சியின் பகுதியைப் பார்க்காமல் போனார்களா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும், ஏன் நிறுத்தினாள் என்று கேட்பது நல்லது.

இனி அந்தத் தோழி. "இது அப்படியே என் கதை" என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். கேலிக்கு ஆளானது மட்டும் தன் கதை போல இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் பலரும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் ஜெர்மன் ஆய்வை நினைத்துப் பாருங்கள், திரையில் இருப்பவரோடு தன்னை நெருக்கமாக வைத்துப் பார்ப்பவர்களிடம்தான் பாதிப்பு கூடியது. அதனால் இதை அப்படியே விடக்கூடாது. இன்றைக்கே உங்கள் மகளிடம் கேளுங்கள்: அவள் வேறு என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், சாவதைப் பற்றிப் பேசியிருக்கிறாளா, பொருட்களை யாருக்காவது கொடுத்தாளா, விடைபெறுவது போல ஏதாவது எழுதினாளா. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தோழி சத்தியம் வாங்கியிருந்தால், உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைக் காப்பாற்றத் தேவையில்லை என்று சொல்லுங்கள். அதைப் பெரியவரிடம் கொண்டுவந்தது துரோகம் ஆகாது என்றும் சொல்லுங்கள். தோழியைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் மகளுடையது இல்லை என்பதையும் அவளுக்குத் தெளிவாகப் புரிய வையுங்கள். தொடர்களில் எப்போதும் நண்பர்கள்தான் தனியாக ஓடிப் போய்க் காப்பாற்றப் பார்ப்பார்கள், பிள்ளைகளும் அதையே நம்புகிறார்கள்.

பிறகு நீங்களே அந்தப் பெண்ணின் அம்மாவையோ அப்பாவையோ நேரில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி முடித்துவிடாதீர்கள். வீட்டிலேயே அவளுக்குப் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தால் பள்ளிக் கவுன்சிலரிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ போங்கள். அவள் சாவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியாக விடக்கூடாது, ஆபத்தான பொருட்கள் எதுவும் கைக்கு எட்டக்கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. நெருக்கடியில் இருக்கிறவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, அவரைப் பற்றிக் கவலைப்படுகிற நீங்களும் கூப்பிட்டுக் கேட்கலாம். பேசிப் பார்த்தபின் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அவள் பெற்றோருக்குக் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். அதை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம்.